பொட்டு பெட்டியில்தான்

1

இந்தமுறை சரஸ்வதி பூசைக்கு மகள் அபிராமி தன்னுடைய கிளாரினெற்றைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். ஹரோவில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போ என்றால் அவளுக்கு உடனே வயிற்றுக்குத்து வரும். பாடசாலை இசைக்குழு என்றால் விடியவே எழும்பி நிற்பாள். அப்படிப்பட்டவள் ஒருவரும் சொல்லாமல் தானாகக் கொண்டுவந்து வைத்தாளே என்று எனக்கு வாயெல்லாம் பல். அவள் சந்தனத்தில் விரலைத் தோய்த்துக் கிளாரினெற்றின் வெள்ளிச் சாவிகளுக்குக் கிட்டக் கொண்டுபோனதுதான் தாமதம், குசினிக்குள் கடலை அவித்துக்கொண்டிருந்த என் மனைவி பத்மினி அகப்பையோடு ஓடிவந்தாள்.

"பெட்டியிலை வை! சாமானிலை வையாதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது!"

பிள்ளை திகைத்துப்போனாள். மற்ற வீடுகளில் எல்லாம் சாமானிலேயே வைக்கிறார்கள், மாமா வீட்டில் கார் ஸ்டியரிங்கிலேயே வைக்கிறார்கள் என்று இங்கிலீசில் வாதாடினாள். கடைசியில் தமிழுக்கு வந்து கேட்டாள்.

"இந்த ரூலை ஆர் போட்டது அப்பா? எந்தப் புத்தகத்திலை இருக்கு?"

பத்மினி என்னைப் பார்த்தாள். நான் அவள் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தேன்.

எங்கள் கிங்ஸ்பரி வீட்டில் இது ஒரு சாத்திரம். தையல் மெசின் என்றால் அதன் மூடியில் பொட்டு. என்னுடைய அரங்கள், திருப்புளிகள் என்றால் அவை இருக்கும் தகரப் பெட்டியில் பொட்டு. இது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைக்குச் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஊரில் இருக்கும் உங்களுக்கும் எழுதலாம் என்று பட்டது. ஏனென்றால் நான் லண்டனில் இத்தனை காலம் என்ன வேலை செய்தேன் என்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. "அவர் பூட்டுத் திருத்துற இடத்திலை நிக்கிறார்" என்று பத்மினி எல்லாருக்கும் எழுதிவைத்தாள். பூட்டு இல்லை. சுடுகிற துவக்கு.

2

ஊரில் நான் சீமெந்துத் தொழிற்சாலையில் மெசின் பூட்டித் திருத்துகிற பிற்றர். ஊரை விட்டதே துவக்குக்குப் பயந்துதான். ஒருநாள் தெருவில் மறித்து அடையாள அட்டை கேட்ட ஆமிக்காரன் ஒருவன் துவக்கை என் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்திலும், அந்தத் துவக்கில் வார் கொளுவும் இடத்து ஆணி தளர்ந்திருப்பதை என் கண் பார்த்துவைத்தது. பழகின கண்ணை என்ன செய்வது. அவன் விட்ட பிறகு வேலிக் கரையில் குந்தி வாந்தி எடுத்தேன்.

எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து, கொஞ்சக் காலம் பெற்றோல் ஸ்ரேசனில் நின்றேன். பிறகு பேப்பரில் 'நுணுக்க வேலை தெரிந்த பிற்றர் தேவை' என்று ஒரு விளம்பரம் கண்டு, மெற்றோபொலிற்றன் லைன் ரயில் பிடித்துப் போனேன். கடைக் கதவைத் திறந்தால் சுவர் முழுக்கத் துவக்கு. திரும்பி ஓடத்தான் நினைத்தேன். வெளியே நல்ல மழை, உள்ளே கடைக்காரர் மிஸ்டர் பென்ஸ்லி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு ஓடுவோம் என்று இருந்தவன் பத்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன்.

அந்த நாளில் இந்த நாட்டில் லைசென்ஸ் எடுத்துக் கிளப்புகளில் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் கைத்துவக்கு வைத்திருக்கலாம். கைமாறிய பழைய ரிவோல்வர்களை வாங்குவார்கள். அவற்றைத் துப்புரவாக்கி, தேய்ந்ததைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. கடைக்கு லைசென்ஸ் கொடுப்பது பொலிஸ். அதைப் புதுப்பிக்கும் காலத்தில் ஒரு சார்ஜன்ட் வந்து எல்லாம் பார்ப்பார், வேலைக்கு நிற்கிறவர்களையும் பார்ப்பார். சண்டை நடக்கிற நாட்டிலிருந்து வந்த அகதி ஒருவன் துவக்குக் கடையில் நிற்கிறான் என்றால் எப்படிப் பார்ப்பார் என்று நான் விளக்கத் தேவையில்லை. முதல்தரம் வந்தபோது அவர் என்னோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. மிஸ்டர் பென்ஸ்லியைத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தார். திரும்பி உள்ளே வந்த மிஸ்டர் பென்ஸ்லி, "உனக்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன், நேதன்" என்றார். சிவநாதன் என்ற பெயரில் அவருக்கு வாய்க்குள் நுழைந்தது அவ்வளவுதான்.

ஆயுத பூசை வந்தால் நான் மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, அரம், திருப்புளி என்று என் வேலை ஆயுதங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். முதல் வருடம் மிஸ்டர் பென்ஸ்லி கதவடியில் நின்று பார்த்தார். அடுத்த வருடம் கேட்டார். "எந்தத் தொழிலால் சாப்பிடுகிறோமோ அந்தத் தொழிலின் சாமானுக்கு ஒருநாள் மரியாதை" என்றேன். "நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுத் தன்னுடைய பழைய சுத்தியலைக் கொண்டுவந்து துணியின் ஓரத்தில் வைத்தார். ஆனால் துவக்குகளுக்கு நான் ஒருநாளும் பொட்டு வைத்ததில்லை. ஊரில் நான் பார்த்ததற்குப் பிறகு அதற்கு என் கை போகாது.

3

பிறகு ஒரு வருடம், ஆயுத பூசை அன்றே எனக்குக் குரொய்டனில், குடிவரவு பார்க்கிற ஹோம் ஒபிஸில் விசாரணை வந்தது. அதுவரை எங்களுக்கு இருந்தது நீட்டி நீட்டித் தருகிற தற்காலிக அனுமதி. இனி நிரந்தரமாக இருக்க விடுவதா, இல்லையா என்பதை அந்த விசாரணையில்தான் பார்ப்பார்கள். அபிராமி அப்போது தவழ்ந்து திரிந்த காலம்.

பூசையை விடக்கூடாது என்று முதல்நாள் பின்னேரமே பத்மினி குழைத்துத் தந்த சந்தனப் போத்தலையும் குங்குமச் சிமிழையும் கடை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். விசாரணை முடிய நேரத்தோடு ஓடிப்போய் வைத்துவிடலாம் என்ற நப்பாசை. குரொய்டன் வரிசை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

உள்ளே கூப்பிட்ட அதிகாரி அம்மா மரியாதையான ஆள். வேலை என்ன என்று கேட்டா. சொன்னேன். பேனை நின்றது. பிறகு, "ஆயுதம் தாங்கிய எந்தக் குழுவோடும் உங்களுக்குத் தொடர்பு இல்லையே?" என்று கேட்டா. எங்கள் பழக்கத்தில் "ஓம், இல்லை" என்று நினைத்துக்கொண்டு "யெஸ்" என்றேன். அவ நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தா. மொழிபெயர்க்க வந்தவர் பாய்ந்து விழுந்து விளக்கப்படுத்தி ஒருமாதிரி நேராக்கினார். ஆனாலும் கடைசியில் அவ சொன்னா: "உங்கள் முதலாளியிடமும் உள்ளூர்ப் பொலிஸிடமும் ஒரு வார்த்தை கேட்போம்."

அடுத்தநாள் வேலைக்குப் போய்ப் பிந்திய பூசை செய்தேன். சந்தனப் போத்தலின் மூடி சரியாகப் பூட்டியிருக்கவில்லை. முதல்நாள் அவசரத்தில் நான்தான் சரியாக மூடாமல் போயிருக்கிறேன் என்று நினைத்தேன்.

4

அதற்கடுத்த திங்கட்கிழமை மிஸ்டர் பென்ஸ்லி ஒரு ரிவோல்வரை என் மேசையில் வைத்தார். முகத்தில் இரத்தமில்லை.

"அந்தப் பல் டொக்டர் வாடிக்கையாளருடையது. சிலிண்டர் இறுகிவிட்டது. நேற்றுக் கிளப்பில், தோட்டாவெல்லாம் போட்டபடி, பாதியில் நின்றுவிட்டதாம். கிளப்காரர் சார்ஜன்டுக்குச் சொல்லிவிட்டார்கள். லைசென்ஸ் விசயமாக எப்படியும் வர இருந்த மனுசன், இன்றைக்கே வருகிறேன் என்கிறார்."

அவர் ஒரு சொல்லும் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. அந்த ரிவோல்வரில் கடைசியாக வேலை செய்தவன் நான். குரொய்டனுக்குப் போவதற்கு முதல்நாள் முடித்து, தட்டில் வைத்துவிட்டுப் போனேன். தோட்டா உள்ளே இருக்கும்போது சுழலாமல் நின்ற துவக்கைக் கையில் பிடித்திருக்கிறவனும் பக்கத்தில் நிற்கிறவனும் தப்பியது அவரவர் புண்ணியம். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைவது என்பது இதுதான்.

என்னதான் நடந்தாலும் வேலை ஒழுங்கில்தான் போகவேண்டும். முதலில் ஒரு தோட்டாவும் உள்ளே இல்லை என்று பார்த்து, பிறகும் ஒருக்கால் பார்த்தேன். தோட்டாக்கள் இருந்து சுழலும் உருளையான சிலிண்டரை வெளியே சாய்த்து விரலால் தட்டினேன். லேசாகச் சுழன்றது. உள்ளே தள்ளிப் பூட்டினால் இறுகிற்று. சுடப்பட்ட வெற்றுக் கோதுகளை வெளியே தள்ளுகிற கம்பி ஒன்று சிலிண்டருக்கு நடுவால் போகும். அது கழன்று நீண்டால் இப்படி இறுகும். கழலவில்லை. வளைந்திருந்தாலும் இறுகும். வளையவில்லை. படங்களில் வருகிற வீரர் மாதிரி ஒற்றைக் கையால் வீசிப் பூட்டி, சிலிண்டரைத் தாங்கும் இரும்புக் கையை நெளித்திருப்பாரோ என்று அளந்து பார்த்தேன். பல் டொக்டர் அப்படியான ஆள் இல்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையில் ஈயம் படிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்தேன். இடைவெளி துப்புரவாக இருந்தது.

வேலைமேசைக்கென்று வைத்திருக்கும் வெடிக்காத பொய்த் தோட்டாக்களைப் போட்டுச் சுழற்றினேன். இன்னும் இறுக்கம். அப்படியென்றால் கோளாறு முன்பக்கம் இல்லை, பின்பக்கம். அங்கே நட்சத்திர வடிவத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும். கோதுகளைத் தூக்கித் தள்ளுவது அதுதான். அதற்குக் கீழே ஒரு மணல் அளவு ஊத்தை போனாலும் தகடு உயர்ந்து நின்று உரசும். ஆனால் அந்த இடத்தை நானே பிரஷ் போட்டுத் துடைத்துத்தான் வைத்தேன். கம்பியை அழுத்தித் தகட்டைத் தூக்கினேன்.

வெடிமருந்துக் கரி கறுப்பாக இருக்கும். இது மஞ்சள். நடுவில் சிவப்பும் இருந்தது. ஊசியால் வழித்து வெள்ளைத் துணியில் போட்டு, விரலில் தேய்த்து மணந்து பார்த்தேன். எண்ணெய் மணத்துக்குள்ளால் சந்தனம் வந்தது.

5

லண்டன் முழுவதிலும் ஒரு துவக்குக்குள் சந்தனமும் குங்குமமும் இருந்தால் அதற்கு ஒரு ஆளைத்தான் தேடுவார்கள். நான் வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் போக அதுவும் தெரியவில்லை. குரொய்டன் யோசனையில் கைதவறித் தடவினேனா? துடைத்த துணியில் இருந்ததா? தெருமுனைப் பெட்டிக்குப் போய்ப் பத்மினிக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"சந்தனத்துக்குள்ளை நீர் என்ன கலந்தனீர்?"

"பன்னீர்தான். ஏன் இந்த நேரத்திலை?"

சொன்னேன். அந்தப் பக்கத்தில் பிள்ளை அழுவது கேட்டது.

"இஞ்சாருங்கோ, ஆரும் கண்டவையே?"

"இல்லை. துணியிலை வழிச்சு வைச்சிருக்கிறன்."

"அப்ப துடைச்சு எறிஞ்சுபோட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. கரி எண்டு சொல்லுங்கோ. எங்கடை விசா பேப்பர் வரட்டும். என்னாலை இனித் திரும்பிப் போக ஏலாது, சொல்லிப்போட்டன்."

"பொய் சொல்லிப் பிடிபட்டால்?"

"உண்மை சொன்னால் மட்டும் மாலை போடுவினமோ?"

அவள் சொன்னதில் பிழை இல்லை. அந்தச் சிட்டிகை மஞ்சளை ஒரு ஊதலில் ஊதிவிடலாம். திரும்பி வரும் வழியெல்லாம் ஊதுவது என்றுதான் இருந்தேன். கடைக் கதவைத் திறந்தால் சார்ஜன்ட் ஏற்கெனவே என் மேசையடியில் நிற்கிறார். துணி அப்படியே அவருக்கு முன்னால் விரிந்திருக்கிறது.

"இது என்ன?" என்று கேட்டார். அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை.

மிஸ்டர் பென்ஸ்லி முன்கடையில் ஒரு வாடிக்கையாளரை அனுப்பிக்கொண்டிருந்தார். உனக்கு நான் பொறுப்பு என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. கரி என்று சொன்னால், நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்தப் பொய்க்கும் அவர்தான் பொறுப்பு. எனக்குத் துணிவு வந்தது என்று நினைக்கவேண்டாம். பொய் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

"சந்தனம், சேர். நாங்கள் பூசைக்கு வைப்பது. தகட்டுக்குக் கீழே இருந்தது. அதனால்தான் இறுகியது."

"நீயா வைத்தாய்?"

"வைத்ததாக எனக்கு நினைவில்லை."

"துவக்குப் பிடிக்க எங்கே பழகினாய்?"

"இங்கேதான் சேர். ஊரில் துவக்கின் மற்றப் பக்கத்தில்தான் நின்றேன்."

அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். அதற்குள் மிஸ்டர் பென்ஸ்லி உள்ளே வந்தார். துணியைப் பார்த்தார். அந்த மனிதர் கழுத்திலிருந்து உச்சிவரை சிவந்துகொண்டு போனதை நான் இன்றும் காண்கிறேன்.

"அது என் வேலை" என்றார்.

சார்ஜன்ட் திரும்பினார்.

"அன்று அவர்களுடைய நாள். இவன் குரொய்டனில் நின்றான். போத்தல் மேசையில் இருந்தது. ஒவ்வொரு வருடமும் இவன் செய்வதைப் பார்த்திருக்கிறேன், ஒரு வருடம் விட்டுப்போவது எனக்கு ஒருமாதிரி இருந்தது. இந்த ரிவோல்வரிலும் வைத்தேன். பின்பக்கத்தில், கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டேன் போல. மத்தியானம் பல் டொக்டர் வந்தபோது எண்ணெய்த் துணியால் துடைத்துக் கொடுத்தேன். துடைத்ததில் உள்ளே போயிருக்கிறது. என்னை எழுதுங்கள். இவனை எழுதவேண்டாம்."

முப்பது வருடமாக அந்தக் கடை நடத்தியவர். தன் லைசென்ஸ் சார்ஜன்டின் கையில் இருக்கும்போது அப்படிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, பொலிஸுக்கு முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சார்ஜன்ட் ஒன்றும் எழுதவில்லை. "எனக்கு முன்னால் துப்புரவாக்கு" என்றார். ஆக்கினேன். பொய்த் தோட்டாக்களைப் போட்டுத் தானே வாங்கிச் சுழற்றினார். சிலிண்டர் ஒவ்வொரு இடத்திலும் சுகமாக வந்து நின்றது. காதுக்குக் கிட்டப் பிடித்து இன்னும் ஒருதரம் சுழற்றிக் கேட்டார். பிறகு துவக்கைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, கதவடியில் நின்று சொன்னார்.

"அடுத்தமுறை பெட்டியில் வையுங்கள், மிஸ்டர் பென்ஸ்லி. சாமானில் வேண்டாம்."

இதுதான் பிள்ளை கேட்ட சாத்திரம். வேதத்தில் இல்லை, ஆகமத்தில் இல்லை. லண்டன் பொலிஸ் போட்ட ரூல்.

6

அடுத்த வருடத்திலிருந்து பத்மினி இரண்டு போத்தல் சந்தனம் குழைத்தாள். ஒன்று மிஸ்டர் பென்ஸ்லிக்கு. அவர் விற்பனைக்கு இருந்த ஒவ்வொரு துவக்குப் பெட்டியின் மூடியிலும் மூலையில் ஒரு பொட்டு வைப்பார். வாங்குகிறவர்கள் கடை முத்திரை என்று நினைத்துக்கொள்வார்கள்.

போன வருடம் கைத்துவக்குகள் எல்லாவற்றையும் ஒப்படைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. ஊரில் துவக்கால் நடந்ததெல்லாம் பார்த்த எனக்கு அந்தச் சட்டத்தில் ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் கடை போய்விட்டது. கடையில் மிச்சமிருந்ததைப் பெட்டி பெட்டியாக அவருடைய காரில் ஏற்றிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அதே சார்ஜன்ட்தான் நின்றார், தலை நரைத்திருந்தது. ஒரு பெட்டியின் மூடியைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "பெட்டியில்தான்" என்றார். "பெட்டியில்தான் சேர்" என்றேன்.

திரும்பி வரும்போது, இத்தனை வருடம் கேட்காததை மிஸ்டர் பென்ஸ்லியிடம் கேட்டேன். அன்று என் ஆயுதங்கள் மேசையில் இருந்தனவே, ஏன் அந்த ரிவோல்வர்?

"ஆயுதங்களுக்கும் வைத்தேன், பிடியின் அடியில் சின்னதாக. நீ அடுத்தநாள் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்தாய், கவனிக்கவில்லை." சிக்னலில் காரை நிறுத்திவிட்டு முன்னால் பார்த்தபடியே சொன்னார். "ரிவோல்வர் வேறு கணக்கு. நீ கடைசியாகக் கை வைத்த சாமான் அது. நீ குரொய்டனில் இருந்தாய். உனக்காக எதிலாவது வைக்கவேண்டும் போல் இருந்தது. எப்படிக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியாது, நேதன்."

பச்சை விழுந்தும் அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அபிராமி கிளாரினெற்றை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"அப்ப அந்தப் பேப்பர் கிடைச்சுதோ அப்பா?"

"நீ இஞ்சைதானே இருக்கிறாய்" என்றேன்.

அவள் சந்தனம் காய்ந்துபோயிருந்த விரலைத் திரும்பச் சந்தனத்தில் தோய்த்துக்கொண்டு, பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது மிஸ்டர் பென்ஸ்லிக்கு" என்று பக்கத்தில் இன்னொன்றும் வைத்தாள்.